சுருட்டுப் பெட்டிக்குள் மாமியார்

போன பனிக்காலத்தில் முடிதிருத்தும் அர்சேனியோவுக்குப் பேரன் பிறந்தான். பெர்கன்லைன் தெருவில் பேரப்பிள்ளை பிறந்தால் தாத்தா சுருட்டு கொடுத்தாக வேண்டும். கியூபாவை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து எத்தனை காலம் ஆனாலும் இதில் மட்டும் தள்ளுபடி கிடையாது. அர்சேனியோவும் கொடுத்தான். கடைக்குள் தலையை நீட்டிய ஒவ்வொருவன் கையிலும் ஒன்றைத் திணித்தான். வாங்கியவர்கள் எங்கள் ஆட்களின் வழக்கப்படி அதைக் காதோரம் வைத்து, இரண்டு விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்டினார்கள்.

நல்ல சுருட்டு அப்போது வாயைத் திறக்காது. அர்சேனியோவின் சுருட்டு திறந்தது. மொறுமொறுவென்று பேசியது. மேலே சுற்றிய இலை உதிர்ந்து எல்லோர் சட்டையிலும் பொடுகு போலக் கொட்டியது.

மற்றவர்கள் பெரிய மனது பண்ணிப் பேசாமல்தான் இருந்தார்கள். எவேலியோவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. "ஏம்ப்பா அர்சேனியோ, இது சுருட்டா, சிச்சரோனா? கொஞ்சம் எலுமிச்சம்பழம் இருந்தா பிழிஞ்சு தின்னுடலாம்போல இருக்கே" என்றார்.

பன்றித்தோலைக் கொழுப்போடு பொரித்தெடுத்தால் அதுதான் சிச்சரோன். கடை முழுக்கச் சிரித்தது. அன்றோடு அர்சேனியோவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போயிற்று. ரொட்டிக் கடையில் சிச்சரோன், பேருந்து நிறுத்தத்தில் சிச்சரோன். பாதிரியார்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கை குலுக்கும்போது வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். வாய் தவறியது என்று அவர் சொல்கிறார். அவரும் அன்று ஒரு சுருட்டு வாங்கியவர்தான்.

இந்த வருடம் எவேலியோவின் மகள் லிசெத்துக்குப் பிப்ரவரியில் பிரசவம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். முதல் பேரப்பிள்ளை. தெருவே ஆவலோடு காத்திருந்தது. குழந்தைக்காக என்று நினைத்தால் எங்கள் தெருவை உங்களுக்குத் தெரியாது.

டிசம்பர் முடிவில் எவேலியோ சவரத்துக்குப் போனார். ஊரில் வேறு கடை இல்லாமல் இல்லை. ஆனால் வேறு கடைக்குப் போனால் பயந்துவிட்டான் என்பார்கள். நாற்காலியில் சாய்ந்து கழுத்தைக் கொடுத்தார். அர்சேனியோ கத்தியைத் தொண்டைக்குழியில் வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டான்.

"பொட்டி எப்படி இருக்கு?"

"ஜம்முனு இருக்கு" என்றார் எவேலியோ, தொண்டையை அசைக்காமல்.

"குளிர் இந்த வருஷம் ஜாஸ்தி. எல்லா வீட்லயும் ஹீட்டர் கொதிக்குது."

"கொதிக்கட்டும். என் முள்ளு எழுபதுல நிக்குது. நேத்தும் எழுபது, இன்னிக்கும் எழுபது."

ஓரத்து நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த வென்செஸ்லாவோ, பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஒருவேளை மொறுமொறுன்னா, எவேலியோ, உனக்கு என்ன பேரு வைக்கலாம்?"

"அதெல்லாம் யோசிச்சு வச்சாச்சு" என்றான் அர்சேனியோ. கத்தி தாடைக்கு ஏறியது. "எழுதிக் கண்ணாடிக்குப் பின்னால ஒட்டியிருக்கேன். குழந்தை பொறக்கட்டும்."

எவேலியோவுக்கு அதைக் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கத்தி இருந்ததால் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டி என்பது அவர் வைத்த பெயர். உண்மையில் அது அவருடைய மாமியார் செனைதாவின், மரியாதையாகச் சொன்னால் தோஞா செனைதாவின், துணி அலமாரி; அவள் கண் மூடியதும், அழுத ஈரம் காய்வதற்குள், எவேலியோ அதைப் பிரித்துக் குறுக்கி, உள்ளே தேவதாருப் பலகை அடித்து, இழுப்பறை வைத்து, சுருட்டு வைக்கிற பெட்டியாக மாற்றிக்கொண்டார். எம்பிராய்டரி ஆலையில் இயந்திரம் பார்த்த கை, வேலை சுத்தம்தான். கதவு மட்டும் ஒரு நூல் அளவு பொருந்தாது. அதைச் சொன்னால் பலகைக்கு மூச்சு விட வழி வேண்டும் என்பார்.

மூச்சு விடத்தான் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வழி இல்லையே. வீட்டுக்காரன் கொலம்பியாக்காரன், குளிருக்குப் பயந்தவன். அக்டோபரிலேயே கீழ்த்தளத்துக் கொதிகலனை மூட்டிவிட்டால் ஏப்ரல் வரை அணைக்க மாட்டான். ஒவ்வொரு அறையிலும் இரும்பு ஹீட்டர் சீறிக்கொண்டே இருக்கும்; திருகு துருப்பிடித்து இறுகிப்போனது, குறைக்கவும் முடியாது. வெளியே பனி கொட்டும், உள்ளே ஆட்கள் பனியனோடு ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். உதடு வெடிக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டால் மின்சாரம் போலச் சுண்டிவிடும். எவேலியோவின் மனைவி மிக்தாலியாவின் பூசை மேடையில் இருந்த புனித பார்பரா, மரச்சிலை, இடுப்பில் விரிசல் விட்டுவிட்டாள். புனிதைக்கே இந்த கதி என்றால் புகையிலை எம்மாத்திரம்.

ஆனால் எவேலியோவிடம் முள் இருந்தது. பித்தளை வளையத்துக்குள் ஒரு சின்ன வட்டம், அதில் ஈரத்தைக் காட்டும் ஒரு முள். தினமும் காலையில், வாயில் காப்பி படுவதற்கு முன்னால், பெட்டியைத் திறந்து நகத்தால் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டுவார். எழுபது. சுருட்டுக்குக் கச்சிதமான ஈரம். திருப்தியோடு மூடுவார். பெட்டிக்குள் ஈரம் கொடுக்க ஒரு பஞ்சுக் கட்டை இருந்தது. அதைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைக்க வேண்டும். நவம்பரில் ஒரு தடவை நனைத்தார். அதற்குப் பிறகு முள் எழுபதிலேயே நிற்கும்போது எதற்குத் தண்ணீர்? வைத்தியர் காய்ச்சல் இல்லை என்று சொன்ன பிறகும் மாத்திரை தின்கிறவனா அவர்?

மிக்தாலியாவுக்கும் இந்தப் பனிக்காலத்தில் ஒரு தண்ணீர்க் கவலை இருந்தது. எங்கள் வீடுகளில் செத்தவர்களுக்கு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைப்பது உண்டு. பூசைக்குப் போகிற வீட்டிலும் உண்டு, போகாத வீட்டிலும் உண்டு. மிக்தாலியா தன் அம்மாவுக்கு வைத்திருந்தாள், படத்துக்கு முன்னால், ஹீட்டருக்கு மேலே இருந்த பலகையில். நவம்பர் தொடக்கத்திலேயே அந்தத் தண்ணீர் போகிற வேகத்தைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கியது.

"அம்மா தாகத்துல தவிக்கிறா, கிழவா. வைக்க வைக்கக் குடிச்சுடறா."

"குடிக்கிறது உங்கம்மா இல்ல, ஹீட்டரு" என்றார் எவேலியோ. "உங்கம்மா ரம்மைத் தவிர எதையும் இந்த வேகத்துல குடிச்சதில்ல."

தோஞா செனைதாவுக்கும் மருமகனுக்கும் ஆகாது என்பது தெருவுக்கே தெரியும். அவள் ஒரு தடவை மயாமிக்குத் தங்கையைப் பார்க்கப் போனபோது தன் துளசித் தொட்டியை அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது தொட்டியில் குச்சி மட்டும் இருந்தது. அதிலிருந்து சாகும் வரைக்கும், வீட்டுக்கு யார் வந்தாலும், வாயில் சுருட்டை வைத்துக்கொண்டே சொல்வாள்: "என் மருமகன் நல்லவன்தான். ஒரு செடிக்குத் தண்ணி ஊத்தத் துப்பு கிடையாது, அவ்வளவுதான்." ஆமாம், அவளும் சுருட்டு பிடிப்பாள். ஆண்கள் பிடிப்பதைவிட நீளமானது.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று அரசர் திருநாளன்று, வெடித்தது. விருந்தாளிக்கு ஒரு சுருட்டு எடுக்க எவேலியோ அடி இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்தார். அதன் பின்னால், இருட்டு மூலையில், ஒரு கண்ணாடி டம்ளர். பாதித் தண்ணீர். பக்கத்தில் சாய்த்து வைத்த படத்திலிருந்து மாமியார் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளி போகும் வரை பொறுத்தார். பிறகு டம்ளரைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார்.

"இது என்ன?"

"அம்மா" என்றாள் மிக்தாலியா, அவரைக்காட்டிலும் நிதானமாக. "அங்க ஹீட்டருக்கு மேல நிம்மதி இல்லாம இருந்தா. அவ அலமாரி, அவ புகையிலை வாசனை. நவம்பர்லயே அங்க இன்னொரு படமும் டம்ளரும் கொண்டுபோய் வச்சேன். பாரு, அங்க மெதுவாத்தான் குடிக்கிறா. மனசு அடங்கியிருக்கு."

"என் பொட்டிக்குள்ள உன் அம்மாவா? நான் காலையில கதவைத் தொறந்து குனியறப்பல்லாம் அவ பாத்துக்கிட்டா இருந்தா?"

"குனியறப்ப ஏதாவது தப்பா செஞ்சியா?"

எவேலியோ கழுவுதொட்டிக்குப் போனார். தண்ணீரைத் தொட்டியில் கொட்டினார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். படத்தை அவள் கையில் கொடுத்து, "உயிரோட இருந்தப்ப பதினாலு வருஷம் என் சோபாவுல உக்காந்திருந்தா. செத்தப்புறமாவது எனக்குன்னு ஒரு பொட்டி இருக்கட்டும்" என்றார். மிக்தாலியா சண்டை போடவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

சில நாள் கழித்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆசையாக ஒரு சுருட்டை எடுத்துக் காதோரம் உருட்டினார். லேசாக ஏதோ கேட்டது. வயதாகிவிட்டது, காதில் ஏதாவது கேட்கத்தான் செய்யும் என்று இன்னொன்றை எடுத்தார். அதுவும் கேட்டது. எழுந்து போய் முள்ளைப் பார்த்தார். எழுபது. மூன்றாவதை உருட்டியபோது மேலிலையில் ஒரு துணுக்கு பிய்ந்து அவர் மூக்கின்மேல் வந்து உட்கார்ந்தது.

மறுநாள் தாடி வளராமலே சவரத்துக்குப் போனார்.

"ஒருத்தருக்காகக் கேக்கறேன்" என்றார். "முள்ளு எழுபதுன்னு காட்டுது, ஆனா சுருட்டு கொஞ்சம் வறண்ட மாதிரி இருக்கு. அப்படி இருக்குமா?"

வென்செஸ்லாவோ பத்திரிகையைக் கீழே இறக்கினார். அர்சேனியோ சோப்பு நுரையைக் குழைத்தபடியே, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு பெரிய பண்டிகை வந்துகொண்டிருந்தது. அதை அவன் கஷ்டப்பட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான்.

"அந்த ஒருத்தர் உப்பு வச்சுப் பாத்தாரா?"

"என்ன உப்பு?"

"பாட்டில் மூடியில கொஞ்சம் சமையல் உப்பு. ரெண்டு சொட்டு தண்ணி விட்டுச் சேறு மாதிரி குழைக்கணும். முள்ளையும் அதையும் ஒரு பையில போட்டு இறுக்கக் கட்டி ஒரு நாள் வைக்கணும். முள்ளு எழுபத்தஞ்சுக்கு வரணும். வரலைன்னா அது பொய் சொல்லுது." நுரையை எவேலியோவின் கன்னத்தில் அப்பினான். "பேரு போனப்புறம் கத்துக்கிட்டேன். நீ பேரு போறதுக்கு முன்னாடியே கத்துக்கலாம். நீன்னு சொல்லல. அந்த ஒருத்தர்."

எவேலியோ வீட்டுக்கு வந்து உப்பு வைத்தார். மறுநாள் பார்த்தால் எழுபது. முள்ளை எடுத்துச் சீறுகிற ஹீட்டர்மேல் வைத்தார். எழுபது. ஜன்னலைத் திறந்து வெளிக்கட்டையில் பனியில் புதைத்தார். எழுபது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் தன் முகமே தெரியாமல், கையில் பிடித்துக்கொண்டு நின்றார். எழுபது. அந்த முள்ளுக்கு இருந்த கொள்கைப் பிடிப்பு எங்கள் அரசியல்வாதிகள் ஒருவருக்கும் இல்லை. அது எப்போது செத்ததோ தெரியாது. செத்துப்போன ஒன்றைத்தான் அவர் தினமும் காலையில் தட்டித் தட்டி நலம் விசாரித்திருக்கிறார்.

பஞ்சுக் கட்டையை எடுத்தார். பழைய ரொட்டி போல இருந்தது. தட்டினால் சத்தம் கேட்டது.

அப்படியானால் நவம்பரிலிருந்து மூன்று அரசர் திருநாள் வரை அந்தப் பெட்டிக்கு ஈரம் கொடுத்தது யார்? அவர் அடி இழுப்பறையின் முன்னால் மண்டியிட்டு, டம்ளர் இருந்த அந்தக் காலி மூலையைக் கையால் தடவிப் பார்த்தார்.

மாமியாரிடம் தோற்பதற்கு முன்னால் ஒரு முயற்சி செய்தார். துண்டைத் தண்ணீரில் முக்கிப் பிழியாமல் மேல் தட்டில் வைத்துவிட்டு, மிக்தாலியா வருவதற்குள் கதவைச் சாத்தினார். மறுநாள் அந்தத் தட்டில் இருந்த அத்தனை சுருட்டும் ஊதி, வயிறு வெடித்து, இலை பிளந்து கிடந்தன. வறண்ட புகையிலைக்கு ஒரேயடியாகத் தண்ணீர் காட்டினால் அப்படித்தான். ஒரு வரிசை போயிற்று. குழந்தைக்கு இன்னும் சில வாரம்தான் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டிய சீட்டு அவர் கனவில் வந்தது. எழுத்து மட்டும் தெரியவில்லை.

மிக்தாலியா கறுப்பு அவரையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எவேலியோ எதிரே உட்கார்ந்தார். ஒரு கல்லை அவரும் பொறுக்கினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் செய்யாத வேலை.

"கேளு" என்றாள் அவள்.

"அந்த டம்ளர்ல எவ்வளவு தண்ணி வைப்ப?"

"எந்த டம்ளர்?"

"உங்கம்மா டம்ளர்."

"அது கணக்கா? அவ கேப்பா, நான் குடுப்பேன்."

"பாதியா, முக்காலா? எத்தனை நாளைக்கு ஒரு தடவை? சொல்லு கிழவி, மானம் போகுது."

"அவகிட்டயே கேளு."

"எங்க இருக்கா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. உன் வாய்க்கு எட்டாத எடத்துக்கு." அவள் அவரையைத் தண்ணீரில் கொட்டினாள். "வரச் சொன்னா வருவா. ஆனா நான் சொல்லி வர மாட்டா. விரட்டினவன் சொல்லணும். பேரைச் சொல்லி, மரியாதையா. அப்புறம் இன்னொண்ணு."

"இன்னொண்ணா?"

"குழந்தை பொறந்து சுருட்டு குடுக்கறப்ப, பாத்துக்கிட்டது யாருன்னு கேப்பாங்க. யாரு பாத்துக்கிட்டாங்களோ அவங்க பேரைச் சொல்லணும். கடையில. எல்லார் முன்னாடியும்."

எவேலியோ எழுந்து போனார். கூடத்தை ஒரு சுற்று சுற்றினார். திரும்பி வந்தார்.

மிக்தாலியா டம்ளரை நிரப்பினாள், பாதிக்குச் சற்று மேலே. படத்தை வைத்தாள். கைகட்டிக்கொண்டு பின்னால் நின்றாள். எவேலியோ பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார். முழங்கால் சுருட்டைவிட மோசமாக மொறுமொறுத்தது.

"தோஞா செனைதா" என்றார். தொண்டையைச் செருமினார். "அன்னிக்கு நான் கொட்டினது தப்பு. ஆனா நீங்களும் சொல்லாம கொள்ளாம வந்து உக்காந்தது..."

"எவேலியோ."

"தப்பு என்மேலதான். துளசியும் நான்தான் சாகவிட்டேன். தண்ணி ஊத்தினேன்னு அன்னிக்குச் சொன்னது பொய். வந்து உங்க எடத்துல உக்காருங்க. என் பேரப்பிள்ளை உங்களுக்கும் கொள்ளுப்பேரப்பிள்ளைதானே. அந்தச் சிச்சரோன் முன்னாடி என்னை விட்டுடாதீங்க."

அன்றிலிருந்து டம்ளரை அவரே பார்த்துக்கொண்டார். தண்ணீர் கால் பங்குக்கு இறங்கினால் நிரப்புவார். வாரத்துக்கு ஒரு தடவை வரிசைகளை மாற்றுவார், அடியில் இருப்பது மேலே, மேலே இருப்பது அடியில். கதவு இடுக்கில் ஒரு கம்பளிப் பட்டை ஒட்டினார். புது முள் வாங்கி, உப்பு வைத்துச் சோதித்து, அப்புறமும் அதை நம்பாமல் படத்தைப் பார்த்தே, "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்பார். அறுபதுக்குக் கீழே கிடந்தது மெல்ல ஏறியது. குழந்தையும் நல்ல குழந்தை, மருத்துவர் சொன்ன நாளைத் தாண்டி வயிற்றுக்குள்ளேயே சொகுசாக இருந்தது. லிசெத் நடக்க முடியாமல் அழுதாள். எவேலியோ தொலைபேசியில், "அவசரப்படாத கண்ணு, ஈரம் ஏறட்டும்" என்றார். அவளுக்கு அது புரியவில்லை, புரியாததே நல்லது.

பெண் குழந்தை. பிறந்தது ஒரு பெரும்பனி நாளின் காலையில். மருத்துவமனைக்குப் போன வண்டிக்கு முன்னால் பனி அள்ளும் லாரி போயிற்று. மறுநாள் எவேலியோ கோட்டுக்குள் சுருட்டுக் கட்டை அணைத்துக்கொண்டு அர்சேனியோவின் கடைக்குள் நுழைந்தார். மிக்தாலியாவும் கொய்யாப் பழ பஃப் நிறைந்த அட்டைப்பெட்டியோடு கூடவே வந்தாள். வாழ்த்து, முத்தம், முதுகில் தட்டல் எல்லாம் முடிந்தது. முதல் சுருட்டை அவர் அர்சேனியோவிடம் நீட்டினார்.

அர்சேனியோ முடி உலர்த்தும் இயந்திரத்தை நிறுத்தினான். வானொலியை நிறுத்தினான். பாதி முடி வெட்டிய ஒருவன் துணியைப் போர்த்தியபடி திரும்பிப் பார்த்தான். அர்சேனியோ கண்ணை மூடிக்கொண்டு சுருட்டைக் காதோரம் கொண்டுபோய் உருட்டினான்.

ஒன்றும் கேட்கவில்லை. ஹீட்டர் சீறியது, அவ்வளவுதான்.

இன்னொரு காதுக்கு மாற்றினான். இலை அவன் விரலுக்குள் அமுங்கி, திரும்ப எழுந்தது. சத்தமே இல்லை. அவன் முகத்தில் ஒரு வருடமாகக் காத்திருந்த பண்டிகை கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கிளம்பியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றான், பல் பிடுங்குகிறவனுக்கு வாயைத் திறக்கிற மாதிரி. "யாரு பாத்துக்கிட்டா?"

அது வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எவேலியோ மார்பை நிமிர்த்துவார், அதைப் பார்த்துத் தொலைக்கலாம் என்றுதான் எல்லோரும் நின்றார்கள். எவேலியோ மிக்தாலியாவைப் பார்த்தார். அவள் பஃப் பெட்டியின் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், மிக மெதுவாக.

"மாமியார்" என்றார்.

"யாரோட மாமியார்?" என்றார் வென்செஸ்லாவோ.

"என்னோடதுதான். தோஞா செனைதா."

"அவ செத்துப் போயிட்டாளேப்பா."

"உயிரோட இருந்தப்ப ஒரு துரும்பை எடுத்துப் போடல. செத்தப்புறம்தான் வேலை செய்யறா."

கடை அதிர்ந்தது. பாதி முடி வெட்டியவன் சிரித்ததில் துணியிலிருந்த முடியெல்லாம் தரையில் கொட்டியது. பிறகு முழுக் கதையையும் கேட்டு வாங்காமல் அவரை விடவில்லை. உப்பு, பனி, குளியலறை ஆவி எல்லாம். விட்டுப்போனதை மிக்தாலியா நிரப்பினாள். அர்சேனியோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீட்டைப் பிய்த்தான். அதில் என்ன எழுதியிருந்தது என்று கடைசிவரை காட்டவில்லை. கசக்கிக் குப்பையில் போட்டான். எங்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் எவேலியோவுக்குத் தெரு முழுக்க வேறு பெயர் நிலைத்துவிட்டது: தோஞாவின் மருமகன். அவள் இருந்த காலத்தில் அப்படி யாராவது கூப்பிட்டிருந்தால் அடித்திருப்பார்.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அர்சேனியோ, தொப்பியில் பனியோடு, கோட்டுக்குள் எதையோ மறைத்துக்கொண்டு.

"தோஞா இருக்காங்களா?"

எவேலியோ அவனை மேலும் கீழும் பார்த்தார். சிச்சரோன் என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து அறையிலிருந்து மிக்தாலியா இருமினாள்.

"இருக்கா. காலைத் தட்டிட்டு உள்ள வா, அர்சேனியோ."

அவன் கொண்டுவந்தது ஒரு பழைய சுருட்டுப் பெட்டி. ஈஸ்டருக்கு வைத்தது, கொஞ்சம் வறண்டுவிட்டது, தப்பாக நினைக்க வேண்டாம் என்றான். எவேலியோ அதை வாங்கிக்கொண்டு அடி இழுப்பறைக்கு முன்னால் மண்டியிட்டு அதை வெளியே இழுத்து, டம்ளரையும் படத்தையும் இரு கையாலும் ஓரமாக நகர்த்தினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார். "ஆள் வந்திருக்கு."